துரை வீட்டுப் புட்டிங்

என் சித்தப்பாவைப் போல் பால் புட்டிங் கிண்டுகிறவரை நான் இன்றுவரை கண்டதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. எட்டு வயதிலும் இருந்ததில்லை. அதனால் வந்த வினைதான் இது.

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. சித்தப்பா மட்டும் மலையில், ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். அப்பாவுக்கு அது வெளியே சொல்லக்கூடாத சங்கதி. கரண்டி பிடித்துப் பிழைக்கிற ஆண்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஆகவே கல்யாணப் பேச்சு வந்ததும், தம்பி தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார்.

பெண்ணைப் பெற்றவர்கள் எங்கள் வீடு பார்க்க வந்த அன்று காலையில் அம்மா பாயசம் வைக்கப் போனாள். இன்றைக்கு நான் ஒன்று செய்கிறேன் மயினி என்று சித்தப்பா பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். அடுக்களைக்குள் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

பங்களாவில் இதற்கு டப்பாவில் அடைத்த சோளமாவு வருமாம். எங்கள் வீட்டில் இருந்ததோ கூவைக்கிழங்கு மாவு. வயிறு கெட்டவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவது. சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு நோயாளிக் கஞ்சியா என்று அம்மா தலையில் கை வைத்தாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே மாவை ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்தார். சீனியும் ஏலப்பொடியும் போட்டுக் கொதித்த பாலில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டியை என் கையில் தந்தார். கை நின்றால் அடிபிடிக்கும் என்றார். தேங்காய்ச் சிரட்டைத் தீயை அவர் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டார். எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது, ஆனாலும் விடவில்லை. கடைசியில் பால் குழைந்து, பளபளத்துக் கரண்டியின் முதுகில் நின்றது. ஒரு உருண்டை வெண்ணெய் போட்டு இறக்கிக் கிண்ணங்களில் ஊற்றினார்.

அதற்குள் அம்மா என் அண்ணன்மாருக்கு 'ரைட்டர்' பாடம் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கவும் வைத்துவிட்டாள். அடுப்படியில் இருந்ததால் நான் தப்பினேன்.

கிண்ணங்கள் வைத்த தட்டைச் சித்தப்பா என்னிடமே கொடுத்தார்.

"ஆரு கேட்டாலும் உள்ளதச் சொல்லணும், கேட்டியா மக்கா."

புட்டிங் என்று சொல்ல நாக்கு புரளாமல், புட்டு செய்திருக்கிறது என்று அப்பா வந்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். பெண்ணின் அப்பா கிண்ணத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். புட்டைக் காணோம், பயறும் பழமும் காணோம். ஒரு வாய் தின்றார். அப்புறம் கிண்ணம் காலியாகிறவரை நிமிரவில்லை. நிமிர்ந்ததும், இதை யார் செய்தது என்று கேட்டார். வீட்டில்தான் என்று அப்பா இழுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க சித்தப்பா செஞ்சாவ. தொரை பங்களாவுல இவியதான் சமையலு. தொரைமாரு கேட்டு வாங்கித் தின்னுவாவ."

பெண்ணின் அப்பா சித்தப்பாவின் பக்கம் திரும்பி, அப்படியானால் ரைட்டர் வேலை என்று சொன்னது என்ன என்று கேட்டார். சித்தப்பா எழுந்து நின்றார்.

"ரைட்டர் இல்ல. சமையலுதான்."

பெண்ணின் அம்மா காலிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் வையி மக்கா. எம்பிள்ளையாவது கெட்டிப்போற எடத்துல ஒருநேரம் உக்காந்து திங்கட்டு."

அவர்கள் போனதும் அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலித்தது, ஆனால் நான் அழவில்லை. அடுத்த மாதமே சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். புட்டிங் பதமாக வந்ததால்தான் கல்யாணம் நடந்தது, அதைக் கிண்டியதே நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். தன் அண்ணன் முன்னால் சொல்ல முடியாத ஒரு பேச்சைச் சொல்ல, சித்தப்பா அன்று காலையிலிருந்தே ஒரு வாயைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.