வெள்ளை ரெக்கையும் உரிகிற நம்பரும்

பெயிண்ட் அடிக்கிறவன் ஒருத்தன், யோசனை சொல்கிறவர்கள் ஊர் முழுக்க. கைவேலை செய்கிற உங்களுக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். ஆம்பூர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற கம்பெனியில், முப்பது வருஷம் தோலுக்குக் கலர் ஸ்பிரே அடித்தவன் நான். இப்போது வேலூர் லாங் பஜார் பக்கம் பைக் டேங்குக்கு அடிக்கிறேன். காலேஜ் பிள்ளைகள் போட்டிக்காக ஒரு கிளைடர் செய்து கொண்டுவந்தார்கள். இன்ஜின் கிடையாது, ஆள் ஏற முடியாது, ரெக்கை மட்டும் இரண்டு ஆள் நீளம்.

கறுப்புதான் வேணும்

"கறுப்பு அடிச்சு தங்கக் கோடு போடுங்க அங்கிள், கெத்தா இருக்கும்" என்றாள் அவர்கள் தலைவி ஜெனிபர். ரெக்கை பைபரும் பசையும். நம் வெயிலில் கறுப்பு சூடேறினால் பசை இளகி ரெக்கை வளைந்துவிடும். சொன்னால் கேட்கவில்லை. இரண்டு பைபர் துண்டில் ஒன்றுக்குக் கறுப்பும் ஒன்றுக்கு வெள்ளையும் அடித்து, மத்தியானம் தகர ஷெட் மேல் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தொடச் சொன்னேன். கையை உதறினாள்.

"யப்பா, தோசையே ஊத்தலாம்! வெள்ளையே அடிங்க அங்கிள்."

சாரின் கேள்வி

அவர்கள் சார் வந்து, "மூணே கோட்டிங்தானா? பளபளப்பு பத்தலையே" என்றார். ஒவ்வொரு கோட்டிங்கும் எடை, ஜாஸ்தி அடித்தால் கிளைடர் மிதக்காது என்றேன். "எத்தனாவது படிச்சிருக்கீங்க?" என்றார். "அஞ்சாவது." அதோடு என்னைப் பார்க்கவில்லை, ஜெனிபரிடம் திரும்பிக்கொண்டார்.

"டேங்க் அடிக்கிறவர்கிட்ட ரெக்கையைக் குடுத்துட்டு வந்து நிக்கிறியேம்மா. நம்பர் ஸ்டிக்கரை உரிக்கும்போது பெயிண்ட்டும் வந்துச்சுன்னா, போட்டிக்குப் போறதே வேணாம்."

நீங்களே இழுங்க

போட்டியில் நம்பர் ஒட்டுவார்கள், மாற்றுவார்கள், உரிப்பார்கள். அதற்காகவே ஒரு வாரம் ரெக்கையை யாரையும் தொட விடாமல் காயவைத்தேன். பிறகு சாரைக் கூப்பிட்டேன். தோல் ஷாப்பில் ஒரு வழக்கம்: பினிஷ் ஆன தோலில் டேப் ஒட்டி, வெடுக்கென்று இழுப்பார்கள். கலர் வந்தால் மொத்தத் தோலையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம்பர் ஸ்டிக்கருக்கு ஒட்டு கம்மி. நான் ஒட்டியது பார்சல் டேப். கட்டை விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டு, "நீங்களே இழுங்க சார்" என்றேன். இழுத்தார். டேப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. "நாட் பேட்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். ஜெனிபர் என் காதோரம் வந்தாள்.

"மூணு வருஷமா படிக்கிறோம், எங்களுக்கு அந்த 'நாட் பேட்'கூட சார் சொன்னதில்ல அங்கிள்!"

இதுவரை அந்தக் காலேஜுக்கு ஆறு ரெக்கை அடித்துவிட்டேன். சார் வந்தால் நாற்காலி போடுகிறேன், டீ மட்டும் இன்னும் சொல்லவில்லை.