ஆட்சேபணை இல்லை

நான் இருக்கும் ஊரில் தோட்டா வாங்க வேண்டுமென்றால் மாட்டுத் தீவனக் கடைக்குப் போக வேண்டும். ரப்பர் பூட்ஸ் ஒரு பக்கம், நாய் பிஸ்கட் ஒரு பக்கம், நடுவில் சோப்பு டப்பா அடுக்கியதுபோல் தோட்டாப் பெட்டிகள். நியூசிலாந்துக்கு வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் அந்த அலமாரி முன்னால் நின்றால் எனக்குக் கொஞ்சம் திகைப்புதான். ஒரு நாள் துணிந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் "லைசென்ஸ், லவ்?" என்றாள். முன்பின் தெரியாதவர்கள் நம்மை லவ் என்று கூப்பிடுவதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் லைசென்ஸ் இல்லை. இல்லை என்றதும் அவள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்ததால் ஒரு மூட்டை பூனைத் தீவனம் வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

அந்த லைசென்ஸ் ஏன் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் படித்துச் சிரிக்கலாம். என்னைப்போல் புருஷன் வேலையைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்த பெண்கள் அவ்வளவாகச் சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நாடு கதவைத் திறந்துவிட்டது, கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் பறக்கிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. என் கணவர் செந்தில் மயிலாடுதுறைக்காரர். நான் திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமம். கல்யாணமாகி நாலாம் வருஷம் இங்கே வந்தோம். அவருக்கு சாஃப்ட்வேர் வேலை. என் கெமிஸ்ட்ரி டிகிரிக்குக் கிடைத்தது ஒரு பால் தொழிற்சாலையில் பாலைச் சோதிக்கும் வேலை. மகள் படிப்புக்காக வேறு ஊர் போனதும் சனி ஞாயிறுகள் என்னைப் பார்த்து முழிக்க ஆரம்பித்தன. அப்போதுதான் எங்கள் லாபில் வேலை செய்யும் ரேவின், "ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறாய், கிளே பேர்ட் சுட வா" என்றாள். அவள் பெயரைக் கேட்டால் எனக்கு ரேவதி என்றுதான் காதில் விழும். மனதுக்குள் அவள் ரேவதிதான்.

நான் பறவை சுட மாட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை முட்டைகூடச் சாப்பிடாதவள் நான் என்றும் சொல்லி வைத்தேன். ரேவின் விழுந்து விழுந்து சிரித்தாள். பேர்ட் என்பது களிமண் நிறத்தில் ஒரு தட்டு. கவிழ்த்த டபரா அளவுதான் இருக்கும். தரையில் பாதி புதைந்த ஒரு சிமென்ட் அறையிலிருந்து ஒரு மெஷின் அதை வீசி எறியும். நாம் பதினைந்து மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். துப்பாக்கியை மடக்கி ஒரு தோட்டாவைப் போட்டு மூடி, இடது காலில் கொஞ்சம் பாரம் கொடுத்து, கட்டையைத் தோள் குழியில் அழுத்தி, கன்னத்தை அதன்மேல் வைத்து, "புல்!" என்று, அதாவது இங்கிலீஷில் 'இழு' என்று, கத்த வேண்டும். கத்தியதும் தட்டு பறக்கும். தட்டைத்தான் பார்க்க வேண்டும், குழலைப் பார்க்கக் கூடாது. அது போகும் வழியில் கூடவே போய், அதைத் தாண்டும்போது சுட வேண்டும். சுட்ட பிறகும் குழலை நிறுத்தக் கூடாது. இவ்வளவும் ரேவின் எனக்கு அரை மணி நேரத்தில் சொன்னாள். எதுவுமே என் உடம்பில் ஏறவில்லை.

முதல் தடவை "புல்" என்று சொன்னது மெஷினை இயக்குகிறவனுக்கே கேட்கவில்லை. பெண் பிள்ளை இவ்வளவு சத்தமாகப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த தொண்டை இது. "சத்தமாக, ஆர்டர் போடுவதுபோல" என்றாள் ரேவின். போட்டேன். தட்டு பறந்தது, நான் சுட்டேன், தட்டு சேதாரமில்லாமல் புல்வெளியில் போய் விழுந்தது. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் "லாஸ்ட்" என்றார். எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துத் திரும்பி "பரவாயில்லை, நன்றி" என்றேன். குறி தவறினால் லாஸ்ட் என்று சொல்வது அவர் வேலையாம். அன்று இருபத்தைந்தில் இருபத்திரண்டு தடவை சொன்னார். உடைந்த மூன்றும் என் காதுக்குள் இன்னும் உடைந்துகொண்டிருக்கின்றன. அவ்வளவு சந்தோஷமாக நான் இந்த நாட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது தோள் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் அப்பாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கியது. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் கிளிக் கூட்டம் இறங்கினால் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், அவ்வளவுதான். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பழைய வேட்டியில் அதைச் சுற்றி என் மடியில் கொடுத்து, சைக்கிள் கேரியரில் என்னை உட்கார வைத்து அழைத்துப் போவார். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கி வந்ததும் துடைத்து எண்ணெய் போடுவதும் நான்தான். சுடுவது மட்டும் தம்பி குமார். எனக்கும் ஒரு தடவை கொடுங்களேன் என்று கேட்டபோது அப்பா, "உனக்கு எதுக்கும்மா, தோளு கன்னிப்போயிடும்" என்றார். அப்பா சொன்னது சரிதான், கன்றித்தான் போகிறது. ஆனால் அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா தவறிப்போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய மத்தியானம் குமார் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்தான். துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்ற மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டுமாம். "பேருக்கு ஒரு கையெழுத்துக்கா" என்றான். 'எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை' என்று டைப் அடித்திருந்தது. அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். உனக்கு வேண்டுமா என்று அவனும் கேட்கவில்லை. எனக்கும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

கிளப்புக்கு ஆறு மாதம் போனேன். லைசென்ஸ் இல்லாதவர்கள் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்றால் மட்டுமே சுடலாம். ரேவினுக்கு வேலை இருந்தால் எனக்கு ஞாயிறு இல்லை. சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ள ஆசை வந்தது. செந்திலிடம் சொன்னேன். "தாராளமா பண்ணு, எனக்கென்ன" என்றார். தோளில் தைலம் தேய்த்துவிட்டதும் அவர்தான். பாதுகாப்புப் பரீட்சை எழுதித் தேறினேன். அதற்குப் பிறகு போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து என்னையும், தனியாக என் கணவரையும் விசாரிப்பார் என்று கடிதம் வந்தது. பொண்ணு பார்க்க வருவதுபோல் வீட்டைத் துடைத்து வைத்தேன். வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். செந்தில் வந்து தட்டில் கை வைத்தார். "வர்றவருக்கு வச்சிருக்கேன், தொட்டீங்க, கொன்னுடுவேன்" என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டை எடுத்துக்கொண்டு போனார்.

அதிகாரி பெரிய மனிதர், மரியாதையாகப் பேசினார். என்னிடம் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, செந்திலோடு கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நான் அடுத்த ஈடு பஜ்ஜியை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தேன். போகும்போது அதிகாரி பஜ்ஜியை ரொம்பவும் புகழ்ந்தார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினோம், இரண்டு பேருமாக.

நாலு மாதம் தகவல் இல்லை. நான் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். "கவர்மென்ட் வேலைன்னா எல்லா ஊர்லயும் அப்படித்தான். வந்துடும், விடு" என்று செந்தில்தான் ஆறுதல் சொல்வார். இப்படித் தாங்குகிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று ரேவினிடம் பெருமை பேசியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒரு நாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அதே அதிகாரிதான். சங்கடத்தோடு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரைக் கொன்றுவிடுவேன் என்று எப்போதாவது சொன்னதுண்டா?"

நான் சிரித்துவிட்டேன். அது தப்பு. அவர் சிரிக்கவில்லை.

"உங்கள் மொழியில் ஒரு சொல் சொல்வீர்களாமே. அடிக்கடி."

அப்போதுதான் புரிந்தது. யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். ஆனால் அந்த வீட்டில் என் தமிழ் விழுகிற காது ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கொன்னுடுவேன் என்பாள், சாப்பிடாவிட்டால் கொன்னுடுவேன் என்பாள், அதற்குச் சாப்பிடு என்றுதான் பொருள் என்று விளக்கினேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். "ஆனால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கொல்வதுதான், இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கேட்டது அவர் வேலை. இரண்டு வாரத்தில் இப்போதைக்கு இல்லை என்று கடிதம் வந்தது. பிறகு வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம், மறுபடி கணவரையும் விசாரிப்பார்கள்.

கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுச் செந்திலிடம் கேட்டேன். "நீங்களா சொன்னீங்க?"

"கேட்டாங்க. போலீஸ்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

"அதுக்கு நம்ம ஊர்ல என்ன அர்த்தம்னு சொன்னீங்களா?"

"அவர் அர்த்தம் கேக்கல. நீ என்ன சொன்னன்னு கேட்டார்."

"பயந்தீங்களா? நெஜமாவே என்னப் பாத்து பயந்தீங்களா?"

"எனக்கா? உன்னப் பாத்தா?" என்று சிரித்தார். "தமிழ்ச் சங்கத்துல இப்பவே கேலி பண்றாங்க, உன் பொண்டாட்டி வேட்டைக்குப் போறாளாமேன்னு. நானே நேரா வேணாம்னு சொன்னா நீ அழுவ. அதான்."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பயந்து சொல்லியிருந்தால் அது ஒரு மாதிரி. அவர் பயப்படவில்லை. எனக்கும் அவருக்கும் மட்டும் அர்த்தம் தெரிந்த ஒரு சொல்லை, அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு, என் அடுப்பில் பொரிந்த பஜ்ஜியைத் தின்றுகொண்டே எடுத்துக் கொடுத்திருக்கிறார். இங்கே எனக்கு ஊர் என்று மிச்சமிருந்ததே வீட்டுக்குள் யோசிக்காமல் பேசுகிற அந்தப் பேச்சுதான். அதற்குப் பிறகு அவரோடு பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் இங்கிலீஷில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். சாப்பாடு தயார். பில் கட்டியாகிவிட்டது. நாளைக்கு மழை. வீடு ரொம்ப நாகரிகமாக இருக்கிறது.

கிளப்புக்கு இன்னும் போகிறேன், ரேவின் வருகிற ஞாயிறுகளில். இருபத்தைந்தில் பதினேழு வரைக்கும் உடைத்திருக்கிறேன். ஆனாலும் பக்கத்தில் ஆள் நிறுத்திச் சுடுகிற புது ஆள்தான் நான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை குமார் போன் செய்தான். அவன் இப்போது தஞ்சாவூரில் இருக்கிறான், நிலமெல்லாம் குத்தகைக்குப் போய்விட்டது. "அக்கா, அப்பா துப்பாக்கி போன எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல வச்சது, அப்படியே கெடக்கு. ரினியூவலுக்கு அலைய என்னால முடியல. மொத்தமா ஒப்படைச்சிடலாம்னு இருக்கேன். வாரிசா வந்த துப்பாக்கிங்கறதால கிளார்க் உன் கையெழுத்தும் வேணுங்கறார். ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி எழுதி அனுப்பு."

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். கூடத்தில் செந்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்சேபணை இருக்குடா" என்றேன்.

அந்தப் பக்கம் பஸ் ஹாரனுக்கு மேலாகக் கத்தினான். "என்னக்கா சொல்ற? உனக்கு எதுக்கு அது? அங்கேருந்து வந்து கிளி ஓட்டப் போறியா?"

"வருவேனோ மாட்டேனோ. என்னக் கேக்காம அதக் குடுத்தே, கொன்னுடுவேன்டா உன்ன."

மாதக்கணக்காகச் சொல்லாத சொல். தானாக வந்து விழுந்துவிட்டது. குமார் வாய்விட்டுச் சிரித்தான். "அப்படியே அம்மா பேசுறாப்ல இருக்குக்கா. சரி சரி, குடுக்கல, கெடக்கட்டும்" என்றான்.

கூடத்தில் டிவியின் சத்தம் குறைந்தது. ஒரு காதில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். இன்னொரு காதில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் அசையாமல் உட்கார்ந்து நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கும் அமைதி கேட்டது.