இந்தப் பிள்ளையைத் தாரும் என்று கேட்டேன்

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த அன்று, என் நாத்தனார் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் தச்சர். தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தது இந்த அக்காதான். அதனால் அவர் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம்.

ஐம்பத்தெட்டாம் வருடம் மறுபடியும் கர்ப்பமாக இருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், நானும் ஆண் பிள்ளைக்காகத்தான் ஜெபித்தேன். சனிக்கிழமைதோறும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு மாதாவுக்கு ஒருசந்தி இருந்தேன். "பையனைத் தாரும்" என்று நான் கேட்கும்போதெல்லாம், என் மூன்று பெண்களும் பக்கத்தில் முழந்தாளிட்டு "ஆமென்" சொன்னார்கள். அந்தக் குழந்தைகளை என்ன சொல்ல வைக்கிறோம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தவக்காலத்தில் எனக்கு மூன்றாம் மாதம். நாத்தனார் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மருந்துக்காரரிடம் வாங்கிய வேர்ப்பொடியோடு வந்தார்.

"ஏழு நாள் பால்ல கலக்கிக் குடி புள்ள. உள்ள பொண்ணா இருந்தாலும் பையனா மாறிரும். இதும் பொட்டப்புள்ளயின்னா என்ற தம்பிக்கு வேற பொண்ணு பார்ப்பேன்."

"கோவில்ல ஒத்துக்க மாட்டாங்க அண்ணி."

"கோவிலைக் கேட்டுட்டா பார்க்கப் போறேன்?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குடித்தேன்.

இரண்டாம் நாள் வயிறு முறுக்கியது. ரத்தம் பட்டது. பட்டறைக்கு வந்திருந்த ஒரு லாரியில் என்னைப் படுக்க வைத்து, சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரிக்கு அவர் கொண்டுபோனார். வழியெல்லாம் அழுதேன். "ஆண்டவரே, பையன் வேண்டாம். ஆணோ பெண்ணோ, இந்தப் பிள்ளையைத் தாரும். மாற்றித் தரச்சொல்லி இனி உம்மிடம் கேட்கவே மாட்டேன்." அதைத் தவிர வேறு ஜெபம் என் வாயில் வரவில்லை.

குழந்தை தங்குவது கஷ்டம் என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் நாள் காலையில் ரத்தம் நின்றது. குழந்தை தங்கிவிட்டது.

நான் என்ன குடித்தேன் என்று கேட்டதும் அங்கிருந்த சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆணா பெண்ணாங்கறது கரு உண்டாகும்போதே முடிவாயிடும். அதை மாத்த எந்த மருந்தும் கிடையாது. அது அப்பாகிட்ட இருந்து வர்றதைப் பொறுத்தது. இந்தப் பெண்ணை ஏன் வதைக்கிறீங்க?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

வீடு திரும்பிய மறுநாளே நாத்தனார் வந்தார். "ரெண்டு நாள்தான குடிச்சே? மீதியையும் குடி" என்று பொட்டலத்தை நீட்டினார்.

வாங்கினேன். அவர் கண் முன்னாலேயே சாக்கடையில் கொட்டினேன்.

"அண்ணி, வயித்துல எது இருக்குதோ அதுதான் என்ற புள்ள. நீங்க வேற பொண்ணு பார்க்கறதுன்னா பாருங்க. நாலு புள்ளைகளையும் வெச்சுக்கிட்டு அந்தப் பட்டறை வாசல்லயே இட்லி சுட்டு விப்பேன். தலை குனிய மாட்டேனுங்க!"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அவ சொல்றது செரிதானுங்க அக்கா. இனிமே இந்த ஊட்ல இந்தப் பேச்சு வேண்டாம்." அக்காவை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

செப்டம்பரில் மாதா பிறந்தநாள் முடிந்த மறுவாரம் பிரசவம். பெண். நான் சிரித்தேன். அவர் பட்டறை முழுக்கக் கல்கண்டு கொடுத்தார்.

உடம்பு தேறியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். மருந்துக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "முழுசா குடிச்சிருக்க மாட்டே, பத்தியம் தப்பியிருப்பே" என்றார். அவர் தொழில் புரிந்தது. பையன் பிறந்தால் மருந்தின் மகிமை, பெண் பிறந்தால் தாயின் குற்றம். அங்கே காத்திருந்த பெண்களிடம் குழந்தையைக் காட்டினேன். "இந்த மருந்து இவளைக் கொல்லப் பார்த்துச்சு. ஆண்டவர் விடலை" என்று உரக்கச் சொன்னேன். இரண்டு பேர் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். அந்த ஆள் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது. திட்டட்டும்.

இன்று அவளுக்கு எட்டு வயது. நாத்தனார் இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாயங்கால ஜெபத்தில் நான் இப்போது எதையும் மாற்றித் தரச்சொல்லிக் கேட்பதில்லை. நான்கு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல்கிறேன். அவர்கள் "ஆமென்" என்று கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

சகோதரிகளே, பிள்ளை வேண்டிக் கேளுங்கள், ஆண்டவர் தருவார். தருகிறவரிடம் இது வேண்டாம், அதைக் கொடு என்று பேரம் பேசாதீர்கள். உங்கள் கையில் யாராவது அப்படியொரு பொட்டலத்தை வைத்தால் பயப்படாமல் கொட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். உங்களோடு சேர்ந்து ஜெபிக்க நாங்கள் ஐந்து பெண்கள் இருக்கிறோம்.