காப்புக் கட்டுவதற்குள் ஒரு ஷாப்ட்

முத்துக்கண்ணன் கார் மெக்கானிக். கீழச்சிவல்பட்டிக்குப் பக்கம் எங்கள் ஊர். அவன் பட்டறையை ஒட்டித்தான் என் பஞ்சர் கடை. அவனைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. காரைக்குடியில் தொழில் பழகினான், ஊருக்கு வந்து கொட்டகை போட்டான், அதிலேயே கிடக்கிறான். இடம் சேதுபதி மாமாவுடையது. வாடகை வாங்க மாட்டார். அதுதான் வினை. கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டும்.

பெண்டாட்டி மஹாலட்சுமிக்குக் கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை. பிள்ளையோடு அங்கேயே இருக்கிறாள். இவனும் போகிறேன் போகிறேன் என்பான். இந்த வைகாசியில்தான் அங்கே ஒரு பெரிய பட்டறையில் வேலை அமைந்தது. புதன்கிழமை காலையில் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய் சாயங்காலம் எங்கள் அம்மனுக்குக் காப்புக் கட்டு. அந்த நேரத்தில் ஊருக்குள் இருந்தவன், திருவிழா முடிகிறவரை ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. முன்னாலேயே எல்லை தாண்டிவிட்டவனுக்குக் கட்டுப்பாடு இல்லை. அதனால் செவ்வாய் மத்தியானமே கிளம்புவதாக இருந்தான்.

சனிக்கிழமை சேதுபதி மாமா காரோடு வந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியே போய், சக்கரத்தைச் சுற்றவைக்கிற டிரைவ் ஷாப்ட் தேய்ந்துபோயிருந்தது.

"திருவிழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் வருது மாப்ளே. முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

"ஷாப்ட் வந்துட்டா அரை நாள் வேலை மாமா. வண்டி நம்பர மதுரைக் கடைக்கு அனுப்பிவிடுங்க."

அனுப்பினார். அங்கேதான் கெட்டது. மாமாவும் அவர் தம்பியும் ஒருவருக்கொருவர் இறங்கிப் போகாதவர்கள். ஒரே நாளில், ஒரே நிறத்தில், ஒரே மாதிரிக் காராக எடுத்தார்கள். ஆனால் தம்பி வண்டியில் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். மாமா வண்டி பட்டறையில் பிரிந்து கிடக்க, அவர் வீட்டு வாசலில் நின்ற தம்பி வண்டி நம்பரை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கிய ஷாப்ட் பார்வைக்கு அதே மாதிரிதான். உள்முனையில் பல் சேரவில்லை.

"ரெண்டும் ஒரே வண்டிதானப்பா!"

"வெளியிலதான் மாமா ஒண்ணு."

அவர் போனபின், "வண்டியப் பிரிச்சது பிரிச்சபடியே விட்டுட்டுக் கிளம்புடா" என்றேன்.

"எப்படிண்ணே? எங்கம்மா தனியா இங்கதான இருக்கணும். மாமா தயவு வேணும்ல."

சரியான ஷாப்ட் செவ்வாய் மத்தியானம்தான் வந்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். முழங்கையில் எண்ணெய் வழிகிறது, துடைக்கக்கூட நேரமில்லை. ஷாப்டை உள்ளே தட்டி ஏற்றி, சக்கர நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டியாயிற்று. ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே கிடந்தான்.

மாமா எட்டிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு மாப்ளே. இனி எங்க போவே? திருவிழாவப் பாத்துட்டே போலாம்."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். கையெல்லாம் கிரீஸ்.

"கெளம்பிட்டீகளா?"

"கொட்டு அடிச்சுட்டாங்க மஹா."

"கேக்குது. அந்த ஊரையே கட்டிக்கிட்டு அழுங்க." வைத்துவிட்டாள்.

வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். நானும் ஏறிக்கொண்டேன். திருப்பத்தூர் வரை போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ் நின்றது. எதிரில் நிறுத்தினான்.

"எறங்குடா. வண்டிய நான் கொண்டுபோறேன். சாமி ஒண்ணும் செய்யாது."

"சாமிக்கு யாருண்ணே பயந்தா? நாளைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல்னாலும், நான் போயி வெளிய தங்குனதாலன்னு ஊரே சொல்லும். அம்மாவும் அதைத்தான் சொல்லும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் எங்களை உரசுகிற மாதிரி திரும்பிப் போனது. முத்துக்கண்ணன் வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பினான்.