தோல் பேன்ட்டும் ஒன்பது முழமும்

கல்லூரியில் நான் நான்காவது வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தரமில்லாதவனுக்குப் பெண் கொடுக்க ஸ்ரீரங்கத்தில் யாரும் தயாராக இல்லை. வெளியூரிலும் இல்லை என்பதை அப்பா விசாரித்து உறுதிசெய்து வைத்திருந்தார். அந்த நிலைமையில்தான் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து வரும் ராக் பாடகரை விமான நிலையத்திலிருந்து மேடை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார்.

"ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி. அஞ்சு மணிக்கு மேடையில நிக்கணும். கண்ணியமா நிக்கணும். நின்னுட்டார்னா திங்கக்கிழமை உங்க பர்மனன்ட் ஆர்டர் ரெடி" என்றார். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

பாடகர் வந்து இறங்கினார். ஆறடி உயரம். திருச்சி வெயிலில், உடம்போடு வைத்துத் தைத்த மாதிரி கறுப்புத் தோல் பேன்ட். அவருடைய பெட்டி வேறு ஏதோ விமானத்தில் ஏறி வேறு ஊருக்குப் போய்விட்டதாம். அதைப் பற்றிக் கவலையே படாமல், "ப்ரோ, வாழைப்பழம் வேணும். தாரோட வேணும்" என்றார். காந்தி மார்க்கெட்டில் காரை நிறுத்தினேன்.

நான் பூவன் தாருக்குப் பேரம் பேசிய இரண்டு நிமிடத்தில் மனிதர் இறங்கி, வெங்காய மூட்டைகள்மேல் ஏறி, சுமை தூக்குகிறவர்களுக்கு இலவசக் கச்சேரி ஆரம்பித்துவிட்டார். பாட்டு முழுக்கக் கட்டில் சமாசாரம். உச்சக்கட்டத்தில் இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு எகிறிக் குதித்தார். பேன்ட் முன்னாலிருந்து பின்னால் வரை டர்ரென்று கிழிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஜட்டி போடுவது அவருடைய கொள்கைக்கு விரோதமாம், பிறகு காரில் விளக்கினார். தக்காளி விற்கிற அம்மா ஒருவர் "அட முருகா!" என்று முறத்தால் முகத்தை மூடிக்கொண்டார். முறத்துக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன.

"மொதல்ல இதைச் சுத்திக்கங்க தம்பி" என்று ஒருவர் காலிச் சாக்கை நீட்டினார்.

வழியெல்லாம் துணிக்கடைதான். ஆனால் அவரைக் காரில் தனியாக விட்டு இன்னொரு முறை இறங்க எனக்குத் தைரியமில்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டி நேராக வீட்டுக்கே விட்டேன். மணி மூன்றரை.

என் பேன்ட் எதுவும் அவர் முழங்காலைத் தாண்டவில்லை. மிச்சமிருந்தது அப்பாவின் ஒன்பது முழ வேஷ்டி. உயரத்தில் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது. பாடகர் கையை நீட்டினாரோ இல்லையோ, அம்மா அடுக்களையிலிருந்து அலறினாள்.

"தொடாதேங்கோ! அது மடி!"

குளித்த பிறகுதான் அதைத் தொடலாம். வீடு பற்றி எரிந்தாலும் எங்கள் வீட்டில் அதுதான் வரிசை. சாக்கோடு அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் வாளி வாளியாகக் கொட்டினேன். அவர் பாடிக்கொண்டே குளித்தார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் முதலில் மூடின, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன.

அப்பா வேஷ்டியோடு வந்து நின்றார். "கல்யாணம் ஆயிடுத்தோ?"

"மூணு ஆச்சு அங்கிள். மூணும் முடிஞ்சும் போச்சு."

ஒன்பது முழத்தைப் பஞ்சகச்சமாகத்தான் கட்டுவார்கள், அது கல்யாணமானவர்கள் மட்டுமே கட்டுவது. அப்பா ஒரு கணம் யோசித்தார். "ஆனது ஆனதுதானே" என்று கச்சத்தைச் செருக ஆரம்பித்தார். செருகிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். வெறும் நெற்றியோடு அனுப்பக் கூடாதென்று பாடகருக்குத் திருமண்ணும் இட்டுவிட்டார்.

"நான் மேடையில குதிப்பேன் அங்கிள்."

"குதிச்சா பின்கச்சம் நழுவும். இவனுக்குக் கட்டத் தெரியாது. நானும் வரேன்."

நான்கு வருடத்தில் அப்பா என் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆர்டர் வரட்டும், வருகிறேன் என்பார்.

ஐந்து மணிக்குச் சரியாகப் பஞ்சகச்சமும் திருமண்ணும் எலெக்ட்ரிக் கிதாருமாக அவர் மேடை ஏறியதும் மைதானம் அதிர்ந்தது. மூன்றாவது பாட்டில் குதித்தார். பின்கச்சம் நழுவியது. உள்ளே கொள்கை மட்டுமே இருப்பது அங்கே எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். என் ஆர்டர் அந்த வேஷ்டியோடு சேர்ந்து நழுவுவதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்பா ஓரத்திலிருந்து விடுவிடுவென்று மேடைக்குப் போனார். பாட்டு நிற்கவில்லை. அப்பா கச்சத்தை இழுத்துச் செருகி, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினார். மாணவர்கள் விசிலடித்து ஒன்ஸ்மோர் கேட்டார்கள். பாடகர் வேண்டுமென்றே மறுபடி குதித்தார். இந்த முறை அப்பாவின் குரல் மைக்கில் கேட்டது: "சித்த நேரம் ஆடாம நில்லுமேன்!"

பிரின்சிபால் என் பக்கம் சாய்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "யாருங்க அந்தப் பெரியவர்?"

பயந்துவிட்டேன். வேறு காரணமே கிடையாது. "அவரோட ட்ரூப்புல ஒருத்தர் சார்" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், அப்பா என் பின்னால் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்! அவருக்கும் ஒரு சால்வை போத்தணும்" என்றார் பிரின்சிபால். பாடகர் குழுவைச் சேர்ந்த பெரியவர் என்று மைக்கில் அறிவித்தார்கள். அப்பா கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அவர் திருத்தவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனாலும் நானும் திருத்தவில்லை.

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முத்திரை வரைக்கும் படித்தார். "ரொம்ப சந்தோஷம்" என்றார். பிறகு உள்ளே பார்த்து அம்மாவிடம் சொன்னார்.

"கேட்டியா, உன் பிள்ளைக்கு வேலை நிரந்தரம் ஆயிடுத்து. இந்த ட்ரூப்புக்காரனுக்கும் ஒரு வாய் காபி குடேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். நான் எழுந்துபோய்க் காபி கலந்தேன்.