பால்சுறாவுக்கு விழுந்த அபராதம்

மனைவிக்குப் பிரசவமாகி மூன்றாம் நாள், வேம்பாரிலிருந்து மாமியாரை அழைத்துவர ஒரு காரை வாடகைக்கு எடுத்தேன். கார்க்கார அண்ணாச்சி சாவியைக் கொடுக்கும்போது சொன்னது ஒன்றுதான்: "வண்டியில லோடு மட்டும் ஏத்திராதீங்க தம்பி." மறுநாள் மனைவியும் பிள்ளையும் வீடு திரும்பவும் அதே காரைத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

மாமியார் வெறுங்கையோடு வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் கடற்கரை வழக்கம். ஒரு முழுப் பால்சுறாவை ஐஸ் பெட்டியில் வைத்து டிக்கியில் ஏற்றிவிட்டார். முதலில் வீட்டில் இறக்கிவிடலாம் என்றேன். பேரனைப் பார்க்காமல் எங்கும் வரமாட்டேன் என்றார். சரியென்று நேராகத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு விட்டேன். அங்கேதான் என் புத்தி கெட்டது.

பார்த்துவிட்டு இறங்கி வந்தால் சக்கரத்தில் பூட்டு. டிக்கியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் 'மீன் லோடு, அபராதம்' என்று ஒரு சீட்டு. கார் நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர்கள், பின் கண்ணாடியில் எழுதியிருந்த அண்ணாச்சியின் போன் எண்ணுக்குச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியும் விட்டார்கள். அண்ணாச்சி உடனே போன் செய்தார். "லோடு அடிக்கிறவங்களுக்கு நாளைக்கு வண்டி கிடையாது."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு ஒத்துழைக்காது. அபராதத்தைக் கட்டுவது லேசு. கட்டினால் லோடு அடித்ததை ஒப்புக்கொண்டதாகிவிடுமே. குத்தகைக்காரர்களின் மேனேஜர் அறையில் நான் திக்கித் திணற, மாமியார் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார்.

"ஒத்தச் சுறா லோடாய்யா? மேல என் மக பச்ச உடம்போட கெடக்கா. அவளுக்கு இது மருந்து. வந்து பாரும்."

மேனேஜர் வந்தார். பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சீட்டில் 'மீன் லோடு' என்பதை அடித்துவிட்டு 'பேறுகாலப் பத்தியம், ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூட்டைக் கழற்றவைத்து, அபராதத்துக்குப் பதிலாகத் தரையை மட்டும் கழுவிவிடச் சொன்னார். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அந்த வேலை எனக்குப் பிடித்தே இருந்தது.

சீட்டின் படத்தை அண்ணாச்சிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். "பிள்ளைய நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க. சுறாவ மட்டும் இப்பவே ஆட்டோவுல ஏத்திருங்க."

மறுநாள், பிள்ளைக்குக் காற்று படக்கூடாதென்று மாமியார் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டார். கார் முழுக்க நேற்றைய சுறா வாடை. என் மகன் அதை முகர்ந்துகொண்டே வீடு வரைக்கும் தூங்கினான்.