என்னைத் தவிர எல்லாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு

ஓட்டோ ஓட்டுகிறவனுக்கு இரண்டு கண்ணும் ரோட்டில் இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் ஒரு கண் எப்போதும் அடுத்தவன் ஓட்டோவின் பின் சீட்டில்தான் இருக்கும். யார் ஏறியிருக்கிறார்கள், எவ்வளவு தூரம் போகிறார்கள், அந்த ஹயர் நமக்கு ஏன் வரவில்லை? கல்முனையில் ஓட்டோ ஓட்டும் சகோதரர்களே, இல்லையென்று ஒருவர் சொல்லுங்கள் பார்ப்போம்.

எனக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். ஏனென்றால் அடுத்த ஓட்டோ என் வளவுக்குள்ளேயே நிற்கிறது. எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு கட்டி, மாப்பிள்ளையை அங்கேயே கூட்டி வந்துவிடுவார்கள். என் மாமிக்கு இரண்டு பெண்கள். ஒரே வளவில் இரண்டு வீடு. மூத்தவளைக் கலியாணம் முடித்தவன் நான். இளையவளை முடித்தவன் என் சகலன் நிஸ்தார்; என்னை 'நானா' என்று அண்ணனாக்கி, என் மனைவியை 'ராத்தா' என்று அக்காவாக்கிக் கூப்பிடுவான். அவனும் ஓட்டோ, அவனும் நான் ஓடுகிற அதே ஆப். ஆனால் அவனுடைய வீட்டுக்கு மட்டும் டைல்ஸ்.

வராத ட்ரைவர்

ஆப்பில் ஹயர் ஓடினால் கம்பனி தன் பங்கை வெட்டிக்கொள்ளும். அதற்கு நம்மிடம் ஒரு வழி இருக்கிறது, உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளின் வாசலில் போய் நின்றுகொண்டு, "கேன்சல் பண்ணிட்டு ஏறுங்க, காசை நேர கையில தாங்க" என்போம். நிஸ்தார் மட்டும் இதைச் செய்ய மாட்டான். தன் பெண்சாதிக்குப் பாண் வாங்கப் போனாலும் ஆப்பைப் போட்டுத்தான் ஓடுவான் என்று ஸ்டாண்டில் அவனைக் கிண்டலடித்தே நான் பெயர் எடுத்தேன்.

காரைதீவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அடிக்கடி கூப்பிடுவார். முதல் நாள் கேன்சல் பண்ணச் சொன்னபோது போனை எட்டப் பிடித்து வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, காரணம் கேக்குது. 'ட்ரைவர் வரல்ல' எண்டு போடச் சொல்லுறீங்க. நீங்க முன்னுக்குத்தானே நிக்கிறீங்க?"

குளிர் அறை

நிந்தவூரில் மாடு குறுக்கே பாய்ந்து நிஸ்தாருக்குக் கை முறிந்தது. ஆப்பில் ஹயர் ஓடிக்கொண்டிருந்த நேரம். கம்பனியின் இன்சூரன்ஸ் ஓடி வந்தது. தனியார் ஆஸ்பத்திரி, தனி அறை, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. படுத்துக்கிடந்த நாட்களுக்கும் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்தார்கள்.

நான் பார்க்கப் போனேன். சுகம் விசாரிக்கத்தான் போனேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அறை எப்படி என்று பார்க்கத்தான் போனேன். மாமி எலும்பு சூப் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது அந்த சூப் எங்கே போனது என்று தெரியவில்லை. வயிறு எரிந்தது. அந்தக் குளிருக்குள்ளும் வேர்த்தது. நிஸ்தார் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "நானா, ஒங்களுக்கு வேர்க்குதே, ஏசியக் கூட்டிவிடவா?"

திரும்பிய கழுத்து

கை சரியாகி அவன் மறுபடி ஓடத் தொடங்கினான். ஒரு நாள் டீச்சரை ஏற்றிக்கொண்டு மாவடிப்பள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். வழக்கம்போல் கேன்சல் பண்ணிய ஹயர். எதிரே நிஸ்தாரின் ஓட்டோ. பின் சீட்டில் இரண்டு வெள்ளைக்காரர்கள், மடியில் பெரிய பைகள். எங்கே போகிறார்கள், அறுகம்பைக் கடற்கரைக்கா? அவ்வளவு தூர ஹயர் இவனுக்கு எப்படி விழுந்தது? கழுத்து தானாகத் திரும்பியது.

நேரே பார்த்தபோது நெல் மூட்டை ஏற்றிய உழவு மெசின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அதன் இழுவைப் பெட்டியில் போய் முட்டினேன். மூட்டை மேல் இருந்தவர் விழுந்து தோள்மூட்டு விலகியது, டீச்சருக்கு நெற்றியில் காயம், எனக்கு வலது கால் எலும்பு இரண்டாக. பொலிஸ் என்ட்ரி போட வந்தவரிடம் நாய் குறுக்கே வந்தது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, திரும்பியபடியே பிடித்துக்கொண்ட என் கழுத்தைப் பார்த்துக் கேட்டார்: "நாய் எந்தப் பக்கத்தால வந்த? நீங்க இப்பவும் வலப்பக்கந்தானே பாக்கிறீங்க?"

கம்பனிக்குப் போன் எடுத்தது

அரசாங்க ஆஸ்பத்திரி. கட்டில், மருந்து, ஒப்பரேஷன் எல்லாம் இலவசம், அதற்கு அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எலும்புக்கு வைக்கும் பிளேட்டை வெளியில் வாங்கித் தர வேண்டும் என்றார் டொக்டர். வைக்காவிட்டால் கால் கோணலாகப் பொருந்தும். ஓட்டோவுக்கு பிரேக் வலது காலில்தான். கோணல் காலோடு நான் வேறு என்ன வேலைக்குப் போவேன்?

நிஸ்தாருக்குக் கொடுத்த கம்பனிதானே என்று போன் எடுத்தேன். ஒரு பிள்ளை மிக மரியாதையாகக் கதைத்தது. தேதி கேட்டது, இடம் கேட்டது, தேடிப் பார்த்தது. பிறகு சொன்னது: "சேர், எங்கட பதிவுல நீங்க அந்தக் கஸ்டமர்ட்டப் போகவே இல்லயே."

நல்ல மனுசன்

ஓட்டோவின் சொந்த இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஏஜென்ட் வார்டுக்கே வந்தார். பிழை என்னுடையது என்பதால் மூட்டை மேலிருந்து விழுந்தவரின் தோளுக்கு என் இன்சூரன்ஸ் கொடுக்குமாம். பின் சீட்டுக்கும் சேர்த்துக் கட்டியிருந்ததால் டீச்சரின் ஸ்கேன் செலவையும் கொடுக்குமாம். நெற்றியில் சின்னப் பிளாஸ்டரோடு டீச்சர் எனக்குத் தோடம்பழம் கொண்டுவந்தபோது, அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்தப் பிளாஸ்டரைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது.

"அப்ப எனக்கு?" என்றேன். ஏஜென்ட் கடதாசிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க நல்ல மனுசன் நானா. ஒங்கட ஓட்டோவில ஒங்களத் தவிர எல்லாருக்கும் கவர் இரிக்கி."

பிளேட்

என் மனைவி காப்பைக் கழற்றப் போனாள். அதற்குள் நிஸ்தார் வார்டுக்கு வந்தான், கையில் மருந்துக் கடைப் பை. உள்ளே பிளேட்டும் அதற்கான ஆணிகளும். அவன் கை முறிந்து கிடந்த நாட்களுக்குக் கம்பனி கொடுத்த காசில் வாங்கியது. திருப்பிக் கொண்டுபோ என்றேன். உன் காசில் நான் நடக்க வேண்டியதில்லை என்றேன். வாய் சொன்னதே தவிர, கை பையை விடவில்லை.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். மனைவி தண்ணீர் எடுக்கப் போகும்வரை காத்திருந்தான். பிறகு குனிந்து, மெதுவாகச் சொன்னான்: "நானா, நாய் ஒண்டும் வரல்ல. நீங்க என்ட ஓட்டோவத்தான் திரும்பிப் பாத்தீங்க, நானும் கண்டன். ராத்தாக்கிட்டச் சொல்லல்ல."

சகலன் வாங்கிய பொருட்களில் நான் பார்த்து வயிறெரியாதது இந்தப் பிளேட் ஒன்றுதான், அதுவும் டொக்டர் அதைத் தோலுக்குள்ளே வைத்துத் தைத்துவிட்டதால்.